ஆவி அடங்காத இயந்திரங்கள்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரைப் பற்றிப் பேச்செடுத்தால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள இரயில் நிலையத்துக் காப்பிக் கடைதான். 1938ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தக் கடையின் காப்பிக்காகவும் காயா தடவிய ரொட்டிக்காகவும் வெளியூர்களிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். பயணச்சீட்டு வாங்காமலேயே இரயில் நிலையத்துக்கு வரும் கூட்டம் அது. கடை தொடங்கிய காலத்தில் அந்த நிலையத்திற்கு வண்டிகளை இழுத்து வந்தவை நீராவி இயந்திரங்கள். காப்பியின் மணமும் கரிப்புகையின் மணமும் அங்கே ஒன்றாகக் கலந்திருந்தன.

அக்காலத்தைக் கண்டவர்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களிடம் நீராவி இரயிலைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் ஆண்டையோ ஊரையோ சொல்லித் தொடங்கமாட்டார்கள். ஓசையைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே தண்டவாளம் மெல்ல முனகும். சிறுவர்கள் குனிந்து இரும்பில் காதை வைத்துக் கேட்பார்கள். பெரியவர்கள் கண்ணில் பட்டால் முதுகில் ஓர் அடி விழும். பிறகு, தொலைவில் ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு புகைக்கோடு எழும். அதன் பின்னர் நீண்ட கூவல் ஒன்று கேட்கும். அடுப்படியில் இருந்த தாய்மார்கள் அந்தக் கூவலைக் கேட்டு, “மணி இத்தனை ஆகிவிட்டது” என்று சொன்ன காலம் உண்டு. வண்டி தாமதமாக வந்த நாள்களில் சமையலும் தாமதமானது.

இன்று அதே பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தச் சேவை சிகாமட் நகரை எட்டியது. அது விரைவானது, குளிரூட்டப்பட்டது, சட்டையில் கரி ஒட்டாது. ஒரு குறைதான். அது வருவதைக் காது அறிவதில்லை.

ஜொகூரின் இரயில் வரலாறு இரும்பில் தொடங்கவில்லை, மரத்தில் தொடங்கியது. 1869ஆம் ஆண்டில், ஜொகூரை ஆண்ட அபு பக்கார், ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலையை நோக்கி ஒரு பாதை அமைக்கும் பணியைத் தொடங்கி வைத்தார். இரும்பு விலை அதிகம். காட்டு மரமோ கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஆகவே, தண்டவாளத்தையே மரத்தால் செய்தனர். திட்டம் சிக்கனமானதுதான். ஆனால், இந்நாட்டின் ஈரமும் கறையானும் அந்தச் சிக்கனத்தை விட்டுவைக்கவில்லை. பாதை அரிக்கப்பட்டது, முயற்சி கைவிடப்பட்டது. மலாயாவின் முதல் இரும்புப் பாதை, தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையில், 1885ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. தோற்றுப்போனாலும், ஜொகூரின் மரப்பாதை அதைவிடப் பதினாறு ஆண்டுகள் மூத்தது என்பதை மறுக்க முடியாது.

ஜொகூருக்கு உண்மையான இரும்புப் பாதை கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. கிம்மாஸிலிருந்து சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் வழியாக ஜொகூர் பாரு வரை செல்லும் பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இவ்வூர்களுள் பல, அன்று பெரிய ஊர்களே அல்ல. காடு வெட்டப்பட்டது, பாதை வந்தது, பாதையின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்காகக் கடைத்தெருக்கள் வந்தன. ஊருக்காக இரயில் வந்தது என்பதைவிட இரயிலுக்குப் பின்னால் ஊர் வந்தது என்பதே இப்பகுதிக்குப் பொருந்தும்.

பாதை ஜொகூர் பாருவில் கடலைக் கண்டு நின்றது. அக்கரையில் சிங்கப்பூர். பயணிகள் இறங்கிப் படகேறினர். சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றிக் கொண்டு செல்லப்பட்டன. இந்தத் தொல்லையைத் தீர்க்க 1919ஆம் ஆண்டில் கடலுக்குக் குறுக்கே கற்களைக் கொட்டிக் கரை அமைக்கத் தொடங்கினர். 1923ஆம் ஆண்டில் அதன்மீது இரயில் ஓடியது. 1924ஆம் ஆண்டில் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் பின்னர், கோலாலம்பூரில் இரவில் ஏறிப் படுத்தவர் ஜொகூரைத் தூக்கத்திலேயே கடந்து, காலையில் சிங்கப்பூரில் கண்விழிக்க முடிந்தது. இரவு அஞ்சல் வண்டி என்று அதற்குப் பெயர்.

அந்த வண்டியை இழுத்த இயந்திரம் எப்படி இயங்கியது? கொள்கை எளியது, அடுப்பில் கொதிக்கும் பானையின் மூடி ஆடுவதைப் பார்த்தவர்கள் அதை அறிவார்கள். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடத்தைக் கேட்கிறது. அந்த இடத்தைக் கொடுக்காமல் கொதிகலனுக்குள் அடைத்து வைத்தால் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தைச் சிலிண்டருக்குள் விட்டால், அது பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனோடு இணைந்த தண்டு சக்கரத்தைச் சுழற்றும்.

இதில் வியப்புக்குரியது இனிமேல்தான் வருகிறது. வேலை முடித்த ஆவி வீணே வெளியேறுவதில்லை. அது புகைபோக்கியின் வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சப்படுகிறது. அப்படிப் போகும்போது நெருப்புப் பெட்டியிலிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நெருப்பு மேலும் சுடர்விட்டு எரிகிறது. வண்டி மேட்டில் திணறி ஏறும்போது ஆவி அதிகமாகச் செலவாகும். அதிகமான ஆவி வெளியேறும். நெருப்பும் தானாகவே அதிகமாக மூளும். எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு வலிமையைத் தானே தேடிக்கொள்ளும் இயந்திரம் அது. “குப்… குப்…” என்று குழந்தைகள் பாவனை செய்யும் ஓசை அந்த ஆவி வெளியேறும் ஓசைதான். அது இயந்திரத்தின் மூச்சு.

அந்த மூச்சை எண்ணிப் பார்த்தே இயந்திரத்தின் வகையை அறிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு சிலிண்டர் கொண்ட இயந்திரம், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை மூச்சுவிடும். மூன்று சிலிண்டர் கொண்டது ஆறு முறை விடும். அதன் ஓசை நெருக்கமாகவும் இழைந்தும் கேட்கும். மலாயாவின் புகழ்பெற்ற 56 என்னும் வகை இயந்திரங்கள் இத்தகைய மூன்று சிலிண்டர் இயந்திரங்களே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்த நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் 1946 வரை இவற்றைக் கட்டியது. மொத்தம் 66 இயந்திரங்கள். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், நடுவே வண்டியை இழுக்கும் ஆறு பெரிய சக்கரங்கள், பின்னே இரண்டு என்பது அதன் அமைப்பு. அஞ்சல் வண்டியையும் சரக்கு வண்டியையும் ஒருசேர இழுத்த உழைப்பாளிகள் அவை.

தொடக்கக் காலத்தில் விறகு எரித்தார்கள். பின்னர், சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி வந்தது. அது மேல்தர நிலக்கரி அன்று; தீப்பொறிகளை அள்ளி வீசும். வெள்ளை வேட்டியோ சட்டையோ அணிந்து சன்னலோரம் அமர்ந்தவர்கள், இறங்கும்போது துணியில் ஊசித்துளை போன்ற ஓட்டைகளைக் கண்டு நொந்துகொள்வதுண்டு. போருக்குப் பின் பல இயந்திரங்கள் எண்ணெயில் எரியும்படி மாற்றப்பட்டன. துணிக்கு ஆபத்து குறைந்தது. கண்ணில் விழும் தூசி மட்டும் குறையவில்லை.

இந்த வரலாற்றில் தமிழர்கள் வெறும் பயணிகளாக இருந்தவர்கள் அல்லர். காட்டை வெட்டிச் சமப்படுத்தியவர்கள், சல்லிக்கற்களைக் கொட்டியவர்கள், சிலிப்பர் கட்டைகளைத் தோளில் சுமந்தவர்கள் ஆகியோருள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும் பங்கினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் எழுத்தர்களாகவும் நிலையத் தலைவர்களாகவும் பணிபுரிந்தனர். பாதையைப் பராமரிக்கும் ‘கேங்’ தொழிலாளர்கள் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்தனர். காலையில் மண்டோர் பெயர் கூப்பிட, கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்தித் தண்டவாளத்தின் மீதே நடந்து வேலைக்குச் சென்றனர். ஆணி கழன்றிருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா, மழையில் மண் சரிந்திருக்கிறதா என்று ஒவ்வோர் அடியையும் அவர்கள் பார்க்க வேண்டும். முந்நூறு பயணிகள் இரவில் நிம்மதியாக உறங்கியது, அந்தக் காலை நடையை நம்பித்தான்.

அவர்கள் குடியிருந்த இடங்களில் கோயில்களும் எழுந்தன. தண்டவாளத்தின் அருகில் கோயில் இருப்பது இந்நாட்டில் பலமுறை காணும் காட்சி. ஜொகூர் பாருவில் இன்று கண்ணாடிக் கோயில் என்று புகழ்பெற்றிருக்கும் அருள்மிகு இராஜகாளியம்மன் கோயில், 1922ஆம் ஆண்டில் ஒரு சிறு குடிசையாகத் தொடங்கியது. இரயில் பாதை அதன் பக்கத்திலேயே செல்கிறது. பூசை மணியும் இரயிலின் கூவலும் ஒரே காற்றில் கேட்ட இடம் அது.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஜொகூர்த் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் வழியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஊருக்கு அருகில் தென்னிந்திய இரயில்வேயின் வண்டியில் ஏறி நாகப்பட்டினம் வந்தார். அங்கே ‘ராஜுலா’ போன்ற கப்பலில் ஏறினார். பினாங்கில் இறங்கி, அக்கரையிலிருந்த பிறையில் மீண்டும் இரயிலேறி, தெற்கே ஜொகூர் வரை வந்தார். இரயில், கப்பல், இரயில் என்ற மூன்றையுமே நகர்த்தியது நீராவிதான். இன்னொன்றையும் அவர் கவனித்திருக்கக்கூடும்: தென்னிந்தியாவில் அவர் ஏறிய வண்டியின் தண்டவாள அகலமும் மலாயாவில் ஏறியதன் அகலமும் ஒன்றே. இரண்டும் ஒரு மீட்டர்.

இரயில் குடியிருப்புப் பிள்ளைகளின் விளையாட்டுத்திடல் தண்டவாளத்தின் ஓரம்தான். அவர்கள் கண்ட காட்சிகளுள் மறக்க முடியாதது ஒன்று உண்டு, வளையம் மாற்றுவது. ஜொகூர்ப் பாதை நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. எதிரும் புதிருமாக இரு வண்டிகள் ஒரே பாதையில் வந்துவிடக் கூடாது. அதற்காக, இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ஒரே ஒரு டோக்கன் மட்டும் வெளியே இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தனர். அந்த டோக்கனைக் கையில் வைத்திருக்கும் வண்டிக்கே அப்பகுதியில் நுழைய உரிமை. நிற்காமல் செல்லும் வண்டிக்கு அதை எப்படிக் கொடுப்பது? டோக்கனை ஒரு பெரிய வளையத்தின் பையில் வைத்து, நிலையப் பணியாளர் மேடையோரம் தூக்கிப் பிடித்து நிற்பார். இயந்திரத்தில் வரும் ஃபயர்மேன் உடலை வெளியே சாய்த்து, பழைய வளையத்தை எறிந்துவிட்டு, புதிய வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அவர் கை தவறியதே இல்லை என்று சொல்வதற்கில்லை. தவறினால் வண்டி நின்றாக வேண்டும். ஓட்டுநரின் வாயிலிருந்து வரும் சொற்களைப் பிள்ளைகள் வீட்டில் திருப்பிச் சொல்லமாட்டார்கள்.

பெரிய நிலையங்களில் இயந்திரம் நீர் குடிக்க நிற்கும். தூணிலிருந்து நீண்ட தோல்குழாயை இறக்கி நீர்த்தொட்டியில் விடுவார்கள். பயணிகள் இறங்கிக் கைகால்களை நீட்டுவார்கள். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக்கும் அவித்த கச்சானும் சன்னல்கள் வழியே கைமாறும். பிள்ளைகள் மட்டும் உணவைப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் அருகே, எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிற்பார்கள். நின்றிருக்கும்போதுகூட அது சும்மா இருக்காது. சீறும், சொட்டும், பெருமூச்சுவிடும். எண்ணெயும் சூடான இரும்பும் ஈர ஆவியும் கலந்த வாடை அடிக்கும். அதை ஓர் உயிர் என்று பிள்ளைகள் நம்பியதில் வியப்பில்லை.

அந்த இயந்திரத்தைக் காலையில் புறப்படச் செய்வதற்கு நள்ளிரவிலேயே வேலை தொடங்கிவிடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைத் திடீரெனச் சூடாக்கக் கூடாது. உலோகம் சீரற்று விரிந்து வெடிப்புவிடும். பல மணி நேரம் பொறுமையாக நெருப்பை வளர்க்க வேண்டும். கொதிகலனில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதில் கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்து உருகும். அதன் விளைவு உயிரிழப்பாகவும் முடியலாம். மேடு வருமுன் எவ்வளவு எரிபொருள் தள்ளுவது, எப்போது நிறுத்துவது, புகையின் நிறம் என்ன சொல்கிறது என்பவற்றை எந்தப் புத்தகமும் முழுமையாகச் சொல்லித்தராது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பல ஆண்டுகள் நின்று கற்றுக்கொண்ட அறிவு அது.

இரயிலைப் பற்றிய எல்லா நினைவுகளும் இனிமையானவை அல்ல. 1942ஆம் ஆண்டில் சப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டு சென்றனர். சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இதே தண்டவாளங்களின் வழியாகத்தான் அவர்களை வடக்கே அனுப்பினர். கிம்மாஸில் தொடங்கும் கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களும் அங்கே பயன்படுத்துவதற்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. நோயாலும் பசியாலும் அடியாலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கே மாண்டனர். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண இரயில்’ என்னும் நாவல் அக்கொடுமையைப் பேசுகிறது. குடும்பத்தில் ஒருவரை அந்தப் பாதைக்குப் பறிகொடுத்த முதியவருக்கு, இரவில் கேட்கும் இரயிலின் கூவல் இனிய ஓசையாக இருந்திருக்க முடியாது. நீராவி இரயிலின் நினைவைக் காப்பது என்றால் இதையும் சேர்த்தே காக்க வேண்டும்.

1957ஆம் ஆண்டில் முதன்மைப் பாதைக்கு டீசல் இயந்திரங்கள் வந்தன. அவை சாவி திருப்பியதும் புறப்படும். நீருக்காக நிற்க வேண்டியதில்லை. இருவர் வியர்க்க வியர்க்க நெருப்போடு போராட வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் மலாயன் இரயில்வேயின் நீராவிக் காலம் முடிவுக்கு வந்தது. இதற்காக வருந்துவோர், அந்த நெருப்புப் பெட்டியின் முன் எட்டு மணி நேரம் நின்றவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் டீசலை வரவேற்றிருப்பார். பெரும்பாலான இயந்திரங்கள் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. சில தப்பின. ‘தெமர்லோ’ என்னும் பெயர் தாங்கிய 56 வகை இயந்திரம் ஒன்றைச் சிறப்பு ஓட்டங்களுக்காகப் பின்னரும் வைத்திருந்தனர். கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தின் வளாகத்தில் வேறொரு நீராவி இயந்திரம் காட்சிக்கு நிற்கிறது. சிறுவர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், அது சீறுவதில்லை, சொட்டுவதில்லை, அதில் எந்த வாடையும் இல்லை.

இரயிலின் மீது கொண்ட பற்று எளிய மக்களுக்கு மட்டும் உரியது அன்று. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மூடப்பட்டது. அன்றிரவு அங்கிருந்து புறப்பட்ட கடைசி வண்டியைத் தாமே ஓட்டி ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்தவர், அப்போது ஜொகூர் சுல்தானாகவும் பின்னர் நாட்டின் மாமன்னராகவும் விளங்கிய சுல்தான் இப்ராஹிம். நள்ளிரவை நெருங்கும் அந்த நேரத்திலும் தண்டவாளத்தின் இருபுறமும் மக்கள் கூடிக் கையசைத்தனர். அது டீசல் வண்டிதான். எனினும், எண்பது ஆண்டுகளாக நீராவி வண்டியும் டீசல் வண்டியும் வந்துநின்ற மேடைகள் அன்றோடு ஓய்ந்தன.

ஓடும் நீராவி வண்டியைப் பார்க்க விரும்பும் மலேசியர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சபாவில், தஞ்சோங் ஆருவுக்கும் பாப்பாருக்கும் இடையே சுற்றுலாவுக்கென நீராவி வண்டியை 2000ஆம் ஆண்டில் ஓடவிட்டனர். இங்கிலாந்தின் வல்கன் ஆலையில் செய்யப்பட்ட அதன் இயந்திரம் விறகில் எரிவது. ஆனால், நீராவி வண்டி காட்சிப்பொருளாக இல்லாமல் ஊரின் வண்டியாகவே ஓடும் இடத்தைக் காண வேண்டுமானால் தமிழ்நாட்டின் நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர். இடையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டிலும் உதகை வரையிலான பாதை 1908ஆம் ஆண்டிலும் நிறைவுற்றன. ஜொகூர்ப் பாதை திறக்கப்படுவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு அது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் மலை செங்குத்தாகிறது. பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயர வேண்டும். இத்தகைய மேட்டில் வழுவழுப்பான சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும். ஆகவே, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டத்தைப் பதித்திருக்கிறார்கள். இயந்திரத்தின் அடியில் உள்ள பற்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட இந்த இயந்திரத்துக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. இயந்திரம் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று பெட்டிகளை மலைமேல் தள்ளுகிறது. பிடி தவறினாலும் பெட்டிகள் தனியே உருண்டு ஓடிவிடாது. ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒரு பணியாளர் நின்று, கொடி காட்டிச் செய்தி பரிமாறி, பிரேக்கைக் கையால் இயக்குகிறார். ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் இயந்திரம் நீர் குடிக்க நிற்கிறது. பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கிறார்கள். குரங்குகள் அவர்கள் கையிலுள்ள வடையைக் குறிவைக்கின்றன. நீராவி குன்னூர் வரைதான். அதற்கு மேல் டீசல் இயந்திரம் பொறுப்பேற்கிறது.

சுவிட்சர்லாந்து இயந்திரங்கள் மூப்படைந்து தளர்ந்தபோது என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உதிரிப்பாகங்களைச் செய்துகொண்டிருந்த ஆலைகள் எப்போதோ அந்த வேலையை விட்டுவிட்டன. டீசலுக்கு மாறுவதே எளிய வழி. ஆனால், திருச்சிராப்பள்ளியில் உள்ள பொன்மலை இரயில் பணிமனை வேறு வழியைத் தேர்ந்தது. அங்குள்ள தொழிலாளர்கள் புதிய நீராவி இயந்திரங்களையே கட்டினர். 2010களில் எண்ணெயில் எரியும் நான்கு இயந்திரங்கள் அங்கிருந்து நீலகிரிக்குச் சென்றன. 2021ஆம் ஆண்டில், நிலக்கரியில் இயங்கும் இயந்திரம் ஒன்றும் உருவானது. பழைய பாகத்தை அளந்து, வரைபடம் வரைந்து, வார்த்து, கடைந்து, பொருத்தி, நெருப்பு மூட்டிப் பார்த்து, கசிந்த இடத்தை மீண்டும் சரிசெய்து உருவாக்கினர். உலகின் பெரும்பகுதி நீராவியைக் கைகழுவிய பின், அந்தக் கைத்தொழில் மறுபடியும் ஒரு பணிமனையில் கற்றுக்கொள்ளப்பட்டது. ஓர் இயந்திரத்தைப் பூசி மெழுகி மேடையில் நிறுத்துவதைவிட இது பன்மடங்கு கடினம். ஆனால், கைகளின் அறிவு இவ்வாறுதான் மிஞ்சுகிறது.

நின்றுபோனது மீண்டும் ஓடாது என்று முடிவுகட்டவும் கூடாது. 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ என்னும் இயந்திரம் 1909ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றது. நூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. சென்னைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்து, செப்பனிட்டு, 2010ஆம் ஆண்டில் மறுபடியும் தண்டவாளத்தில் ஓடவிட்டனர்.

பொன்மலைப் பணிமனைக்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. அது முதலில் பொன்மலையில் இல்லை. தென்னிந்திய இரயில்வேயின் அந்தப் பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928ஆம் ஆண்டில்தான் பொன்மலைக்கு மாறியது. மலாயாவுக்குக் கப்பலேறக் காத்திருந்த தமிழர்கள் பலர் துறைமுகத்தில் இருந்தபோது, அதே ஊரில் சுத்தியல்களும் கடைசல் எந்திரங்களும் நீராவி இயந்திரங்களின் மேல் வேலை செய்துகொண்டிருந்தன. அவர்களுள் சிலர் இங்கு வந்து, காட்டில் தண்டவாளம் பதித்தனர். அங்கேயே தங்கியவர்களின் தொழில்வழியில் வந்தவர்கள் இன்றும் கொதிகலன் கட்டுகிறார்கள்.

அவர்கள் கட்டிய இயந்திரம் ஓடும் நீலகிரித் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். குளுவாங்கில் மின்சார இரயிலுக்காகப் புதிதாகப் போட்டிருக்கும் இரட்டைப் பாதையின் அகலமும் அதே ஒரு மீட்டர்தான்.